தொழில்: இல்லை

பக்கத்துத் தோட்டத்து ஆத்தா இறந்து, காரியமெல்லாம் முடிந்த மறுநாள், நான் அண்ணன் என்று கூப்பிடும் அவருடைய மகனோடு இறப்பைப் பதியப் போயிருந்தேன். படிவத்தில் இறந்தவரின் தொழில் என்று ஒரு வரி உண்டு. தொழில் எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதிவிடலாம் என்று அங்கேயே வழியும் சொல்லியிருப்பார்கள். "அம்மா என்னங்க பண்ணிட்டிருந்தாங்க?" என்று கேட்டார் எழுதுகிறவர். "சும்மா ஊட்லதானுங்க இருந்தாங்க" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நம்பினார். 'இல்லை' என்று எழுதி, அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில் வந்த காலமெல்லாம், இரண்டு மணிக்கு லாந்தரைத் தூக்கிக்கொண்டு போய் மடை மாற்றியவர் அந்த ஆத்தா. கடலைக்காய் பறிக்க ஆள் சேர்ப்பதும் அவர்தான், கூலி பேசுவதும் அவர்தான். வெள்ளாட்டுக்குத் தழை ஒடிப்பார், மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போடுவார், கறந்த பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவார். பீர்க்கு, சுரை, பூசணி விதைகளைச் சாணியில் பொதிந்து வீட்டுச் சுவரில் அடித்து வைப்பார். துவரைக்குச் செம்மண் கட்டுவார். எந்த விதை எந்தக் காட்டில் முளைக்கும், எது முளைக்காது என்பதை அந்த வீட்டு ஆண்கள் அவரிடம் கேட்டுத்தான் விதைத்தார்கள். 'சும்மா' என்கிற சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கும் என்று அகராதி போட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அதே வாரம் அண்ணனுக்குச் செல்பேசியில் பதினோரு இலக்கத்தில் ஓர் எண் வந்தது. உழவர்களுக்கான தனித்துவ அடையாள எண். முகாம் போட்டு, ஆதாரைச் சேர்த்து, பட்டாவைச் சரிபார்த்துக் கொடுக்கிறார்கள். இனி மானியமோ பி.எம். கிசான் தொகையோ, எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி என்கிறார்கள். அண்ணன் நல்ல மனிதர். ஆனால் முப்பது வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அவர் விவசாயி. அவருடைய அம்மா 'இல்லை'.

இந்த எண் பட்டாவிலிருந்து தொடங்குகிறது. எனக்குள்ள கோபமெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான்.

இயற்கை விவசாயி தேக்கம்பட்டி பாப்பம்மாளை எல்லோருக்கும் தெரியும். 2021இல் பத்மஸ்ரீ. அந்த ஆண்டு பிப்ரவரியில் கோவைக்கு வந்த பிரதமர் அவரைக் கும்பிட்டு நின்ற படம் நாடு முழுக்கப் போனது. 2024 செப்டம்பர் முப்பெரும் விழாவில் தி.மு.க. அவருக்குப் பெரியார் விருது கொடுத்தது. அடுத்த பத்தே நாளில், 27ஆம் தேதி, நூறு வயதை எப்போதோ தாண்டியிருந்த அந்த மூதாட்டி மறைந்தார். அவரைத் தங்களவர் என்று சொல்லிக்கொள்வதில் இரண்டு தரப்புக்கும் போட்டி. அவருடைய வயதைப் பாடினார்கள், இயற்கை வேளாண்மையைப் பாடினார்கள். யாரும் பாடாத ஒன்று உண்டு: அவருடைய நிலம் அவருடைய நிலம். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர், பாட்டி விட்டுப்போன கடையை நடத்தி, சாப்பாட்டுக் கடையும் போட்டு, சேர்த்த காசில் பத்து ஏக்கர் அளவுக்கு வாங்கினார். கடைசிக் காலத்தில் கையில் மிஞ்சிய இரண்டரை ஏக்கரில் பாடுபட்டார். ஊராட்சி உறுப்பினர், காரமடை ஒன்றியக் கவுன்சிலர் என்று பொதுவாழ்விலும் நின்றார். நிலம் கைக்கு வந்தால் குரலும் வரும்.

பாப்பம்மாள் செய்த வேலையைச் செய்யாத கிழவி கொங்கு நாட்டில் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார்? பட்டா ஒன்றுதான் வித்தியாசம். நாம் விருது கொடுத்தது விதிவிலக்குக்கு.

நான் திரும்பத் திரும்ப எழுதும் கணக்கு ஒன்று உண்டு. சலித்துக்கொள்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஒன்றிய அரசின் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறத்தில் வேலை செய்யும் பெண்களில் 76.9 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருக்கிறார்கள். ஆண்களில் 49.4 தான். அதாவது ஆண்களில் பாதிப்பேர் காட்டைவிட்டு ஏறிவிட்டார்கள். பெண்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் சேற்றில் நிற்கிறார்கள். இப்போது 2015-16 வேளாண் கணக்கெடுப்பைப் புரட்டுங்கள். நாட்டின் சாகுபடி நில உடைமைகளில் பெண் பெயரில் இருப்பவை 14 விழுக்காடு. பரப்பைப் பார்த்தால் 12ஐக்கூடத் தொடாது. பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: 77, 14. இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல, ஒன்று வேலை செய்பவர்களின் பங்கு, மற்றது உடைமைகளின் பங்கு என்று புள்ளியியல் படித்த நண்பர் ஒவ்வொரு முறையும் என்னைத் திருத்துவார். திருத்தட்டும். அவருடைய அம்மாவும் களைக்கொத்து பிடித்தவர்தான். அவருடைய சிட்டாவிலும் அப்பா பெயர்தான்.

இந்த 14 எப்படி வந்தது என்று கேட்டால் சட்டத்தைக் காட்டுவார்கள். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் இது. அதைச் சட்டமாக்க இங்கே அறுபது ஆண்டு ஆயிற்று. அப்படி 1989இல் வந்த சட்டமும், அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணமாகிப் போன பெண்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. 2005இல் நாடு முழுவதற்கும் திருத்தம் வந்து அந்தக் கதவைத் திறந்தபோது, பெரும்பாலான வீடுகளில் பாகம் பிரித்து முடிந்திருந்தது. நான் சொன்ன ஆத்தாவும் அப்படி வாசலில் நின்றவர்தான். அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு பட்டுச்சேலையோடு பஸ் ஏறி வந்ததை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சேலையைத்தான் கடைசியாக அவர்மேல் போர்த்தினார்கள்.

பட்டாவைப் பார்க்காமல் ஒருவரை விவசாயி என்று எப்படிச் சொல்வது, போலிகள் புகுந்துவிடுவார்களே என்கிறார்கள் அதிகாரிகள். பனியன் கம்பெனியில் இருப்பவரை விவசாயி என்று பதிந்திருக்கிறீர்கள், இதைவிடப் பெரிய போலி எங்கிருந்து வரப்போகிறது? நிலம் துண்டு துண்டாகிவிடும் என்பது இன்னொரு வாதம். நான்கு அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டபோது துண்டாகாத நிலம், ஒரு தங்கச்சி கேட்டால் மட்டும் துண்டாகிவிடுமாம். இதற்கெல்லாம் பதில் சொல்லிக் காகிதத்தை வீணாக்க வேண்டாம்.

அரசின் கெட்டிக்காரத்தனம் ஒன்றைச் சொல்கிறேன். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கான விதியைப் பாருங்கள். குடும்பத்துக்கு ஐந்து ஏக்கருக்கு மேல் நன்செய் அல்லது பத்து ஏக்கருக்கு மேல் புன்செய் இருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தொகை கிடையாது. அங்கே கணவன் பெயரில் உள்ள நிலம் அவளுடைய நிலமும்தான். உழவர் எண் என்று வரும்போது அதே நிலம் கணவனுடையது மட்டும். கொடுக்காமல் இருக்க ஒரு கணக்கு, கொடுப்பதற்கு இன்னொரு கணக்கு.

நிலமுள்ளவன் மட்டும்தான் உழவன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையம் பரிந்துரைத்து, 2007இல் வந்த தேசிய உழவர் கொள்கை, குத்தகைதாரரையும் கூலியாளையும் பெண்ணையும் உழவர் என்றே சொல்கிறது. பெண் உழவர்களுக்கு ஊர் தரும் சான்றே போதும் என்று ஒரு தனிநபர் மசோதாவையும் சுவாமிநாதன் மாநிலங்களவைக்குக் கொண்டுவந்தார். அது சட்டமாகாமலே காலாவதியானது. இப்போது 2026ஐப் பெண் உழவர் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. இங்கேயும் மேடை போடுவார்கள், மண்வெட்டியோடு ஒரு பாட்டியை ஏற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள்.

2025 ஏப்ரலிலிருந்து, பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைகிறது. சரி, வாங்குகிறவர்களுக்கு அது. பாகத்தில் வரும் நிலத்துக்கு என்ன வழி? என்னைக் கேட்டால், ஒரே அரசாணை போதும். சாகுபடி நிலத்தின் பட்டாவில் மனைவி பெயரும் ஏறட்டும். ஏறாத பட்டாவுக்கு எண் கிடையாது. பத்தே ஆண்டில் விற்பனைக்குப் போகிற தோட்டம் பாதியாகக் குறையும், மனை போட்டு விற்கும் தரகர்களின் பிழைப்பு படுத்துவிடும், இளசுகள்கூடக் காட்டுக்குத் திரும்புவார்கள். ஆட்டுப்பட்டியை விற்பதற்கே மூன்று நாள் யோசிக்கிறவர்கள் நம் பெண்கள். நிலத்தை விற்கிற பத்திரத்தில் அவ்வளவு லேசில் கையெழுத்துப் போட்டுவிடுவார்களா?

2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆள் வருவார்கள். சென்ற கணக்கெடுப்பின் விளக்கப்படி, வரப்பில் நின்று மேற்பார்வை பார்க்கிறவரும் சாகுபடியாளர்தான். திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்லப்போகிறவரும் அவரேதான்.

ஆடிப்பட்டம் நெருங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். சுண்ணாம்பு அடிப்பதற்காகச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சாணி வட்டங்கள் பெயர்ந்து கீழே கிடந்தன. அண்ணன் மனைவி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். "இது பீர்க்கங்கா, இது சொரக்கா. எது எதுன்னு அத்தை அன்னிக்கே சொல்லிக் குடுத்துட்டாங்க" என்றார். பட்டாவில் உங்கள் பெயரும் ஏறுமா என்று கேட்டேன். "அதெல்லாம் அவுருக்குத்தானுங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு, முறத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார்.