ஏழையின் கணக்கும் பாங்கியின் கணக்கும்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தோல் வெட்டும் பகுதியில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் சில நாட்களுக்கு முன் நமது காரியாலயத்திற்கு வந்திருந்தார். வழவழப்பான தாளில் அச்சிட்ட விண்ணப்பம் ஒன்றை நம்மிடம் நீட்டினார். கம்பெனி வாயிலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பாங்கி ஏஜெண்டு கொடுத்ததாம். அது 'பிரீமியம்' கணக்குக்கான விண்ணப்பம். விமான நிலையத்தில் இளைப்பாற அறை, பெட்டக வாடகையில் சலுகை, வரிசையில் நில்லாமல் காரியம் முடித்துக்கொள்ளும் வசதி என்று அதில் பல வாக்குறுதிகள் கண்டிருந்தன. எவ்வளவு ரூபாய் எப்போதும் இருப்பில் இருக்கவேண்டும் என்பது மட்டும் கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் இருந்தது.

அவர் விமானம் ஏறியவரல்லர். ஏறும் உத்தேசமும் அவருக்கில்லை. "இந்தக் கணக்கு இருந்தால் பாங்கியில் மரியாதையாகப் பேசுவார்களாம், ஐயா, கடனும் சுலபமாகக் கிடைக்குமாம். போடலாமா?" என்று கேட்டார். அவர் ஆசைப்பட்டதில் நாம் குற்றம் காணவில்லை. பத்து மணி நேரம் நின்று வேலை செய்தவன் பாங்கியிலும் போய் ஒரு மணி நேரம் நின்று, கடைசியில் "நாளைக்கு வா" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும்போது, மரியாதைக்கு என்ன விலை என்று விசாரிக்கத்தானே செய்வான்? ஆனால் கணக்கின் பெயரைப் பார்த்து எந்தப் பாங்கியும் கடன் கொடுப்பதில்லை. வருமானத்தையும், முன் வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டினாரா என்பதையும் பார்த்தே கொடுக்கிறது. ஆகவே, போடவேண்டாம் என்றே சொன்னோம். அவ்வளவோடு விட்டுவிடக்கூடிய விஷயமாக இது நமக்குத் தோன்றவில்லை.

2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரிய தனியார் பாங்கிகளில் ஒன்றான ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கி, ஆகஸ்டு முதல் தேதிக்குப் பின் புதிதாகச் சேமிப்புக் கணக்குத் தொடங்குவோர் பெருநகரங்களிலும் நகரங்களிலும் மாதச் சராசரி இருப்பாக 50,000 ரூபாய் வைக்கவேண்டும் என்று விதித்தது. சிற்றூர்ப் பட்டணங்களுக்கு 25,000, கிராமங்களுக்கு 10,000. இதுபற்றி ஆகஸ்டு 11-ந் தேதி குஜராத்தில் கேட்கப்பட்டபோது, ரிசர்வ் பாங்கின் கவர்னர் ஸ்ரீ சஞ்சய் மல்ஹோத்ரா, குறைந்தபட்ச இருப்பை அந்தந்தப் பாங்கியே தீர்மானித்துக்கொள்ளலாம், அது தமது கட்டுப்பாட்டு வரம்புக்குள் வருவதன்று என்று விடை பகர்ந்தார். ஆனால் நாடெங்கும் எழுந்த கூக்குரலுக்குப் பாங்கியே பணிந்தது. இரண்டே நாளில் 50,000 என்பது 15,000 ஆயிற்று; 25,000 என்பது 7,500 ஆயிற்று; 10,000 என்பது 2,500 ஆயிற்று. கவர்னரால் ஆகாதது ஜனங்களால் ஆயிற்று.

நகரம் எது, சிறு பட்டணம் எது என்ற பாகுபாட்டையும் சற்றே பார்க்கவேண்டும். லட்சம் தலைகளைத் தாண்டிய ஊர் நகரம் எனப்படும். 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் ஆம்பூரின் தொகை 1,14,000-க்கு மேல். ஆகவே ஆம்பூரும் நகரந்தான்! வேலூரின் அளவுகோல்தான் ஆம்பூருக்கும். தலைகளை எண்ணியவர்கள் அந்தத் தலைகள் வாங்கும் கூலியை எண்ணவில்லை. (பழைய வேலூர் ஜில்லா 2019-ல் மூன்றாகப் பிரிந்தது, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின, ராணிப்பேட்டை தனி ஜில்லாவாயிற்று. தோல் தொழிலாளியின் கஷ்டம் மட்டும் பிரியாமல் ஒன்றாகவே இருக்கிறது.)

15,000 ரூபாய் நியாயமான தொகைதானே என்பார் உண்டு. அவர்களுக்காக ஒரு சிறு கணக்குப் போடுவோம். அந்தப் பாங்கியின் விதிப்படி, குறைகிற தொகையில் 100-க்கு 6 அல்லது 500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மாதாந்திர அபராதம். இருப்பில் 1,000 ரூபாய் மட்டும் உள்ளவனுக்குக் குறைவு 14,000. அதில் 100-க்கு 6 என்றால் 840. ஆகவே அபராதம் 500. வரியையும் சேர்த்தால் இரண்டாவது மாத முடிவில் அவனுடைய ஆயிரமும் போயிற்று. பணமில்லாத குற்றத்திற்குப் பணத்தாலேயே தண்டம்! அபராதத்தினால் மட்டும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகலாகாது என்று 2014 நவம்பரில் ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டிருப்பது மெய்யே. பூஜ்யம் வரையில் போகலாம் என்பதுதானே அதன் மறுபக்கம்?

தனியார் பாங்கிகளை மட்டும் குறைகூறுவது தர்மமாகாது. 2024 மார்ச்சு முடிய ஐந்து வருஷங்களில் சர்க்கார் பாங்கிகள் இந்த அபராதத்தினால் வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று பார்லிமெண்டிலேயே சொல்லப்பட்டது. ஸ்டேட் பாங்கி 2020-ல் இந்த அபராதத்தைக் கைவிட்டது. 2025-ல் கனரா பாங்கி, இந்தியன் பாங்கி முதலியனவும் கைவிட்டன. பாங்கி நடத்த அபராதம் அவசியம் என்ற வாதம் அன்றோடு தீர்ந்தது.

ஆம்பூர்த் தொழிலாளிக்குள்ள ஆபத்து வேறொரு வாயில் வழியாக வருகிறது. சம்பளத்தைப் பாங்கியில் செலுத்தும் முறை பரவியபின் ஷூ கம்பெனிகளில் பலருக்கும் சம்பளக் கணக்கு இருக்கிறது. அதற்குக் குறைந்தபட்ச இருப்பு வேண்டியதில்லை. ஆனால் தொடர்ச்சியாக மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் பல பாங்கிகள் அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுகின்றன. அந்த நாள் முதல் இருப்பு விதி தலையில் ஏறும். 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்க சர்க்கார் நம் நாட்டுச் சரக்குகள் மீது 50 விழுக்காடு வரி சுமத்தியபோது, சப்பாத்து ஏற்றுமதியையே நம்பிய ஊர்கள் எவ்வாறு கலங்கின என்பதை நாம் அறிவோம். ஆர்டர் இல்லையென்றால் வேலை இல்லை; வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை; சம்பளம் இல்லாத மூன்றாவது மாதத்தில், கையில் காசில்லாத அந்தச் சமயம் பார்த்து, "இருப்பு எங்கே?" என்று பாங்கி கேட்கும். வீட்டிலிருந்தபடியே சப்பாத்தின் மேல்தோல் தைத்து ஜதைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களுக்கோ சம்பளக் கணக்கே கிடையாது. அவர்கள் அடகுக்கடையை நாடுகிறார்கள்.

இதற்குப் பரிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது, சொல்வார்தான் இல்லை. 2012 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி, 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' என்ற ஒன்றை எல்லாப் பாங்கிகளும் எல்லோருக்கும் அளிக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. இருப்பு வைக்கவேண்டியதில்லை, அபராதமில்லை, பணமெடுக்கும் அட்டை இலவசம், மாதம் நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். வருமானம் இவ்வளவுதான் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அதே பாங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பதே முக்கியமான கட்டுப்பாடு. இருக்கிற கணக்கையே எழுத்து மூலம் கேட்டு இவ்வாறு மாற்றிக்கொள்ளலாம். 2014-ல் தொடங்கிய ஜன்தன் கணக்கும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இவ்வளவு நல்ல ஏற்பாட்டுக்குக் கம்பெனி வாயிலில் மேஜை போடும் ஏஜெண்டு எவரும் இல்லை. அதில் பாங்கிக்கு லாபமில்லையே!

பாங்கி என்பது மளிகைக்கடை போன்றதன்று. ரிசர்வ் பாங்கின் அனுமதியின்றி ஒருவர் பாங்கி தொடங்க இயலாது. அது முறிந்தால் டெபாசிட்டுக்காரருக்கு 5 லட்சம் வரை ஈடுசெய்ய சட்டப்படி இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றதைக் கண்டுதான், வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1907-ல் இந்தியன் பாங்கியைத் தோற்றுவித்தார்கள். அதற்கு முன்பே, 1904-ல், நம் பாலாற்றங்கரைக் காஞ்சீபுரத்தில் கூட்டுறவு நாணய சங்கம் உதித்தது. 1969-ல் பதினான்கு பாங்கிகளைச் சர்க்கார் ஏற்றதும் எளியவருக்கு வாயில் திறக்கும் என்று சொல்லித்தான். பொதுஜன நம்பிக்கையின் மேல் நிற்கும் ஸ்தாபனம், பொதுஜனத்தில் யாரை உள்ளே விடுவது என்பது தன் சொந்த இஷ்டம் என்று சொல்ல நாம் இடங்கொடுக்கலாகாது.

ஆகவே ரிசர்வ் பாங்கியை நாம் கேட்பது ஒன்று. சம்பளம் நின்று மாறுகிற கணக்கு, இருப்பு விதிக்கு உட்பட்ட கணக்காக மாறாமல், தானாகவே அடிப்படைக் கணக்காக மாறும்படி உத்தரவிடவேண்டும். வேறு கணக்கு வேண்டுமென்பவர் அதை எழுதிக் கேட்டுக்கொள்ளட்டும். உத்தரவு வரும்வரை, ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சங்கத்தார் சும்மா இருக்கவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சங்கக் கட்டடத்தில் ஒரு மேஜை போட்டு, அடிப்படைக் கணக்கு வேண்டுமென்ற விண்ணப்பத்தைத் தமிழிலும் உருதுவிலும் எழுதிக் கொடுக்கலாம். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்கும்படி சொல்லியனுப்பலாம். மறுக்கும் பாங்கியின் பதிலை எழுத்தில் பெற்று, ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பவேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. நம்மிடம் வந்த அன்பருக்கு அத்தகைய மனு ஒன்றை எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.