வளைந்த பாதையும் நேரான எழுத்தும்



"பெரியவளானதும் என்ன ஆகப் போகிறாய்?" என்று நம்மைக் கேட்காதவர் இல்லை. ஒரே சொல்லில் விடை சொல்லத் தயங்கினால், குறிக்கோள் இல்லாதவள் என்ற பெயர் வந்துவிடும். எடுத்த வழியை இடையில் மாற்றினால் வாழ்வே வீண் என்பாரும் உளர். இது சரியன்று என்பதே எங்கள் கருத்து.

'அக்ஞேய' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட இந்தி எழுத்தாளர் ச. ஹீ. வாத்ஸ்யாயனின் வாழ்க்கையைப் பாருங்கள். 1911-இல் பிறந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் பயின்றார். லாகூரில் அறிவியல் பட்டம் பெற்றார். பகத்சிங்கின் இயக்கத்தோடு சேர்ந்து 1930-இல் கைதாகிச் சில ஆண்டுகள் சிறையில் இருந்தார். பின்பு பத்திரிகைப் பணி, வானொலிப் பணி. 1943-இல் ராணுவத்தில் சேர்ந்து, அஸ்ஸாம்-பர்மா போர்முனையில் கேப்டனாகப் பணியாற்றினார். வெள்ளையரின் சிறையில் வாடியவர் வெள்ளையரின் படையிலா என்று நாம் வியக்கலாம். பாசிசத்தை எதிர்ப்பதும் விடுதலைக்குச் செய்யும் கடமையே என்று அவர் கருதினார்.

1965-இல் 'தினமான்' என்ற இந்தி வார இதழுக்கு அவர் ஆசிரியரானார். அடுத்த ஆண்டு பீகாரில் கொடிய வறட்சி. ஆசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து, எழுத்தாளர் பணீஸ்வர்நாத் ரேணுவுடன் வறண்ட கிராமங்களுக்கே சென்றார். ரேணு எழுதிய நேரடிக் கட்டுரைகள் அவ்விதழில் வெளிவந்தன. பசித்தவர்கள் அங்கே வெறும் எண்களாக இல்லை, மனிதர்களாக இருந்தார்கள்.

போர்முனை கண்ட அனைவரும் இரக்கமுள்ளவர் ஆகிவிடுவதில்லை. சென்ற இடமெல்லாம் கண்ணைத் திறந்து பார்த்தவருக்கே வளைந்த பாதை பாடமாகிறது.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டாம். அதே பீகாரிலிருந்து வந்தவர்கள் இன்று நம் ஓசூர்த் தொழிற்சாலைகளில் உழைக்கிறார்கள். பாகலூர்ப் பேருந்தில் நம்மோடு நிற்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. அவை பொய் என்று காவல்துறை அறிவித்தது. அதற்குள் அச்சம் வெகுதூரம் போய்விட்டது. எங்களில் சிலரும் அவற்றைக் கைப்பேசியில் பார்த்தோம், பிறருக்கும் அனுப்பினோம். பக்கத்துத் தெருவில் குடியிருந்த பீகார்க் குடும்பத்திடம், "அக்கா, நலமா?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் எல்லை ஊர் நம்முடையது. இன்னொரு மொழியைக் கேட்டு மிரளும் பழக்கம் நமக்கு இல்லை. அப்படியிருக்க, இந்தி பேசுபவரிடம் மட்டும் ஏன் இந்தத் தூரம்?

ஆகவே தோழியரே, வரும் கல்வியாண்டில் நம் சுவர்ப்பத்திரிகையில் ஒரு பகுதியை ஒதுக்குவோம். வாரம் ஒருவரைச் சந்தித்து, அவர் கதையை அவர் அனுமதியோடு எழுதுவோம். கேட்டதை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்போம். நாளை நம்மில் ஒருத்தி செவிலி ஆகலாம். ஒருத்தி ராணுவத்திலும் சேரலாம். எந்த வழியில் சென்றாலும், பிறர் துன்பத்தை அருகில் சென்று பார்க்கும் கண் நம்மிடம் இருக்கட்டும். அப்படியானால் எந்தப் பாதையும் வீண்போகாது.