மலைமேல் ஒப்படைக்கப்படும் குழந்தைகள்

ஜூன் மாதம் பிறந்தால் நம் பங்குகளில் வசதி படைத்த சில குடும்பங்கள் மலையேறுகின்றன. திருப்பயணத்திற்கன்று, உதகையிலும் கோடைக்கானலிலும் ஏற்காட்டிலும் உள்ள உறைவிடப் பள்ளிகளில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை விட்டுவர. இலட்சங்களைக் கொட்டி வாங்கிய இப்பிரிவைப் பெற்றோர் 'தியாகம்' என்றழைப்பது நம்மை உறுத்துகிறது.

இப்பள்ளிகள் எதற்காகத் தோன்றின? லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இல் பிரித்தானியப் படைவீரரின் பிள்ளைகளுக்காகவும் அநாதைகளுக்காகவும் தொடங்கப்பெற்றது. கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி 1901-இல் அமெரிக்க மறைப்பணியாளரின் மக்களுக்காக எழுந்தது. இங்கிலாந்தின் ஈட்டன்கூட 1440-இல் ஆறாம் ஹென்றி மன்னர் எழுபது ஏழை மாணவர்க்கு இலவசக் கல்வி தர நிறுவியதே. வீடற்றவனுக்கும் வீடு எட்டாதவனுக்கும் வந்த இடத்திற்கு, வீடிருக்கும் பிள்ளையை அனுப்புவானேன்?

ஆங்கிலம், ஒழுக்கம், பெரிய இடத்துத் தொடர்பு என்பர். ஆங்கிலத்தை நம் ஊர்ப் பள்ளிகளே கற்பிக்கும். மூன்றாவதே உண்மைக் காரணம். அதைத்தான் எவரும் உரக்கச் சொல்வதில்லை.

ஒழுக்கம் பற்றிச் சற்றுப் பேச வேண்டும். 'சாமியார்களே சிறுகுருமடத்தில் வளர்ந்தவர்கள்தாமே' என நம்மை மடக்குவோர் உண்டு. ஆம், வளர்ந்தோம்; அதனால்தான் பேசுகிறோம். மணியடித்தால் எழுந்தோம், மணியடித்தால் உண்டோம். வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல் அதிபர் தந்தையிடம் கொடுக்க வேண்டும். ஆகவே 'இங்கு யாவரும் நலம்' என்றே எழுதக் கற்றோம். காய்ச்சலில் கிடந்த வாரத்திலும் அப்படியே எழுதினோம். ஒழுங்கு வந்தது. அம்மாவிடம் மனம்விட்டுப் பேசும் வழக்கம் போயிற்று. விடுமுறையில் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாய் நின்றோம்.

எல்லா விடுதிகளையும் நாம் பழிக்கவில்லை. இராமேசுவரத்து அப்துல் கலாம் மேற்படிப்புக்காக இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியின் விடுதியில் தங்கினார். அது தேவை. வெளிநாட்டில் உழைக்கும் பெற்றோரின் நெருக்கடியையும் அறிவோம். தேவையே இல்லாதவரைப் பற்றியதே நம் வழக்கு.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மைக் கல்வியாளர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் அறுதியிட்டது. அதே அறிக்கை, ஏழைகளுக்கும் குடும்பத்தின் அன்பை இழந்தோருக்கும் திருச்சபை சிறப்பாகக் கல்விப்பணி ஆற்ற வேண்டும் என்கிறது. நாமோ, குடும்ப அன்பு வாய்த்த பிள்ளையை அதிலிருந்து பிரித்து வைக்கக் கட்டணம் வாங்குகிறோம்! மலைப்பள்ளி நடத்தும் துறவற சபையினர், இவ்வாண்டு அநாதைப் பிள்ளைகளுக்கு எத்தனை இடங்கள் ஒதுக்கினர் என்பதை இம்மாத இதழிலேயே வெளியிடட்டும்.