நர்சிங் ஹோமுக்கு டிஸ்சார்ஜ் தேதி உண்டு, முதியோர் இல்லத்துக்குக் கிடையாது

"கேர் ஹோம் நல்லதா, நர்சிங் ஹோம் நல்லதா?"ன்னு தேடிப் பார்த்தீங்கன்னா, வர்ற பதில்ல பாதி இங்கிலாந்துக்காரங்களுக்கு எழுதினது. அங்கே ரெண்டுமே வயசானவங்க நிரந்தரமா தங்குற இடம். நர்சிங் ஹோம்ல 24 மணி நேரமும் பதிவு பெற்ற நர்ஸ் இருக்கணும். அந்த நர்ஸ் செலவுக்கு அரசாங்கத்தோட என்.எச்.எஸ். ஒரு பங்கு கொடுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்ம ரெட்டியார்பாளையத்தில "நர்சிங் ஹோம்"னு போர்டு இருந்தா அது சின்ன தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம், ஹெர்னியா ஆபரேஷன், காய்ச்சலுக்கு டிரிப்ஸ், முடிஞ்சா டிஸ்சார்ஜ். "கேர் ஹோம்"னு நாம சொல்றது மாசக் கட்டணம் வாங்குற முதியோர் இல்லத்தை. பேர் ஒண்ணு, பொருள் வேற. இந்தக் குழப்பத்தில பணத்தை விடுறது பெரும்பாலும் சம்பளக்காரப் பிள்ளைங்கதான்.

எங்க ஆபீசுக்கு ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்ற ஒரு தம்பி, பெங்களூர்ல ஐ.டி. வேலை. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. வீட்டில பார்த்துக்க ஆள் இல்லை, அதனால அதே நர்சிங் ஹோம்ல இன்னும் மூணு வாரம் வச்சிருந்தார். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தது, அந்த மூணு வாரத்துக்குக் கொடுக்கலை. "அட்மிட் ஆகித்தானே சார் இருந்தாங்க?"ன்னு கேட்டார்.

பாலிசி புத்தகத்தை எடுத்து எக்ஸ்க்ளூஷன் பக்கத்தைப் பாருங்க. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி வகுத்துக் கொடுத்த விலக்குகள்ல 05-ஆவது எண், ஓய்வு, மறுவாழ்வு, மாற்றுப் பராமரிப்பு பத்தினது. குளிக்க வைக்கிறது, உடை மாத்துறது, நடக்க உதவுறது மாதிரி அன்றாடப் பராமரிப்புக்காக வீட்டிலயோ நர்சிங் வசதி உள்ள இடத்திலயோ ஆகுற செலவு கிடைக்காதுன்னு அதில இருக்கு. செய்யறது பயிற்சி பெற்ற நர்ஸா இருந்தாலும் கிடைக்காது. 70 வயசு தாண்டினவங்களுக்கு 2024 அக்டோபர்ல வந்த ஆயுஷ்மான் கார்டு வருஷத்துக்கு 5 லட்சம் வரை தருதே, அதுவும் ஆஸ்பத்திரி சிகிச்சைக்குத்தான்.

அதனால எந்த போர்டுன்னு பார்க்குறதை விடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க அப்பாவுக்கோ அம்மாவுக்கோ என்ன தேவைப்படும்னு பாருங்க. பாத்ரூம் கூட்டிட்டுப் போக ஒரு கை தேவைப்படுதா? இல்லை மூக்கில டியூப், யூரின் டியூப், ஆக்ஸிஜன், படுக்கைப் புண் டிரெஸ்ஸிங்னு பயிற்சி உள்ள நர்ஸ் தேவைப்படுதா? முதல் வகைக்கு நல்ல முதியோர் இல்லமோ, வீட்டிலயே ஒரு அட்டெண்டரோ போதும். ரெண்டாவது வகைன்னா, சாதாரண முதியோர் இல்லத்தில சேர்த்துட்டு "அங்க நல்லா பார்த்துக்குறாங்க"ன்னு நிம்மதியா இருக்குறது ஆபத்து. ராத்திரி டியூட்டியில நர்ஸ் இருக்காங்களான்னு ஓனரைக் கேட்காதீங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஒரு நாள் நேர்ல போய்ப் பாருங்க.

பிரான்ஸ்ல சொந்தக்காரங்க இருக்கிற குடும்பம் புதுச்சேரியில நிறைய. அவங்களைக் கேட்டா "எபாத்" பத்திச் சொல்வாங்க, அந்த ஊர் முதியோர் இல்லம். அங்கே பில்லை மூணாப் பிரிக்கிறது வழக்கம்: தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் ஒண்ணு, பிறர் உதவி எவ்வளவு வேணுமோ அதுக்கு ஒண்ணு, மருத்துவத்துக்கு ஒண்ணு. மருத்துவப் பகுதியை அரசு காப்பீடு ஏத்துக்கும். அப்படிப்பட்ட நாட்டிலயே 2022-ல ஓர்பெயா கம்பெனி இல்லங்களைப் பத்தி ஒரு பத்திரிகையாளர் எழுதின புத்தகம் வந்து பெரிய ரகளை ஆச்சு, அது வேற கதை. நீங்க எடுத்துக்க வேண்டியது அந்த மூணு பகுதியை. இங்கே "எல்லாம் சேர்த்து இவ்வளவு சார்"னு சொன்னா விடாதீங்க. டயப்பர் யார் செலவு, ஜிப்மருக்கோ கதிர்காமம் மெடிக்கல் காலேஜுக்கோ கூட்டிட்டுப் போனா உடன் வர்ற ஆளுக்கு எவ்வளவு, படுத்த படுக்கை ஆயிட்டா ரேட் எவ்வளவு ஏறும், பாதியில கிளம்பினா அட்வான்ஸ் எத்தனை நாள்ல திரும்பும் — எழுதி வாங்குங்க.

ஜிஎஸ்டியும் கேளுங்க. வருமான வரிச் சட்டத்தில பதிவு செஞ்ச அறக்கட்டளை நடத்துற இல்லம்னா, 60 வயசு ஆனவங்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாசம் ஒரு ஆளுக்கு 25,000 ரூபாய் வரை விலக்கு உண்டு. அதுக்கு மேலேயோ, தனியார் கம்பெனி இல்லமாவோ இருந்தா, சொன்ன ரேட் வரி சேர்த்ததா சேர்க்காததான்னு முதல்லயே தெரிஞ்சுக்கணும்.

பதிவு, அனுமதி விஷயத்தில தயவு தாட்சண்யம் வேண்டாம். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில, குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமம் ஞாபகம் இருக்கா? அங்கே சேர்த்த ஒரு முதியவரைக் காணோம்னு உயர் நீதிமன்றத்தில ஆட்கொணர்வு மனு போனதைத் தொடர்ந்துதான் 2023 பிப்ரவரியில அதிகாரிகள் உள்ளே போனாங்க. உரிய அனுமதி இல்லாம நடந்தது அப்போதான் வெளியே வந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போச்சு. அனுமதிச் சான்றோட நகலைக் கேட்டா கோவிச்சுக்குற இடத்தில உங்க அம்மாவை விடாதீங்க.

இப்போ பணக் கணக்கு. ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு பெரிசா இருந்தாலும் ஒரு நாள் முடியும். முதியோர் இல்லம் அப்படி இல்லை, முடிவுத் தேதி தெரியாத இ.எம்.ஐ. கணக்குக்காக மாசம் 30,000னு வச்சுக்குங்க. அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில 30 லட்சத்தை சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில போட்டா, 8.2 சதவீதத்துக்கு மூணு மாசத்துக்கு 61,500, அதாவது மாசம் 20,500 வரும். மீதி 9,500 உங்க சம்பளத்திலிருந்து. சமாளிக்கலாம்னு தோணும். ஆனா கட்டணம் வருஷம் 8 சதவீதம் ஏறினா அஞ்சு வருஷத்தில 44,000 தாண்டும். வட்டி அதே 20,500தான். உங்க பங்கு 23,500க்கு மேல போயிடும், அப்போ உங்களுக்கு ஹோம் லோனும் ஸ்கூல் ஃபீஸும் வந்திருக்கும்.

இதனாலதான் நான் அடிச்சுச் சொல்றது: பெத்தவங்க சொத்து முதல்ல பெத்தவங்களுக்கு. "வீட்டை உன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடறேன்டா"ன்னு அப்பா சொன்னாலும் இப்போ வேண்டாம்னு சொல்லுங்க. அந்த வீட்டு வாடகைதான் மேல சொன்ன பள்ளத்தை அடைக்கணும். தேவைப்பட்டா வித்தும் செலவு பண்ணணும். இதைச் சொன்னா கல்நெஞ்சுக்காரன்னு சிலர் சொல்றாங்க. வீட்டை வாங்கிக்கிட்டு அப்புறம் "கட்டணம் கட்டுப்படியாகலை"ன்னு அம்மாவை மலிவான இல்லத்துக்கு மாத்துறதை விட இது தேவலை. பராமரிக்கணும்ங்கிற நிபந்தனையோட எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காட்டி ரத்து பண்ண 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவில வழி இருக்கு. ஆனா அந்த வயசில தீர்ப்பாயப் படி ஏற வைக்காதீங்க.

வரிச் சலுகையை நம்பி முடிவெடுக்காதீங்க. இல்லத்துக் கட்டணத்துக்குன்னு தனிக் கழிவு கிடையாது. ஒரு விதிவிலக்கு, பலர் தவற விடுறது: பக்கவாதம் மாதிரி காரணத்தால அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 40 சதவீத ஊனச் சான்று இருந்து, உங்களைச் சார்ந்து இருந்தா 75,000, 80 சதவீதம்னா 1,25,000 கழிக்கலாம். நாம 80டிடின்னு சொல்லிப் பழகின பிரிவு. பழைய ரெஜீம்ல மட்டும்தான். உங்க சம்பளம் 12.75 லட்சத்துக்குள்ளேன்னா புது ரெஜீம்லயே வரி இல்லை, இந்தப் பாராவை மறந்துடுங்க.

கடைசியா ஒண்ணு, அவசரமானது. அப்பாவுக்கு மறதி நோய் முத்தின பிறகு அவர் எஃப்.டி.யை உடைக்க வங்கி உங்களை விடாது. அவர் முன்னாடி கொடுத்த சாதாரண பவர் ஆஃப் அட்டர்னியும் அவர் புத்தி சுவாதீனம் இழந்ததும் செல்லாது. நாமினின்னு உங்க பேர் இருந்தாலும் அது அவர் காலத்துக்கு அப்புறம்தான் உதவும். பணம் அவர் பேர்ல இருக்கும், இல்லத்துக் கட்டணம் மட்டும் உங்க கிரெடிட் கார்டில ஏறும். அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது அப்பாவையும் அம்மாவையும் வங்கிக்குக் கூட்டிட்டுப் போய், கணக்கையும் டெபாசிட்டையும் ஜாயின்ட்டா, "எய்தர் ஆர் சர்வைவர்"னு மாத்திடுங்க. எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்னாடி எடுக்குறதுக்கும் ரெண்டு பேரோட சம்மதத்தை அன்னைக்கே எழுதிக் கொடுத்துடுங்க. அவங்க கையெழுத்து மாறாம இருக்கும்போதே செய்யணும்.