பதினெட்டு வயதின் பின்னர் யார்?

"எமக்குப் பின்னர் இவனை யார் பார்ப்பார்?" விசேட தேவையுடைய பிள்ளையைப் பெற்ற தாய் இரவில் கேட்கும் வினா இது. பகலில் அவளே அவனுக்குச் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுகின்றாள்; சோற்றைப் பிசைந்து ஊட்டுகின்றாள்; வீதிக்கு இறங்காதபடி கதவைச் சாத்துகின்றாள். அவ்வினாவிற்கும் இச்செயல்களுக்கும் இடையேயுள்ள முரண்பாட்டைக் குறித்தே இன்று எழுதுகின்றோம்.

யாங்கோன் நகரை எடுத்துக்கொள்வோம். எம்மவர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நகரம் அது. இவ்வினாவிற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை தேடிய நகரமும் அதுவே. 1917இல் வில்லியம் ஜாக்சன் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் இரங்கூனுக்கு வந்து, கெம்மண்டைனில் இருந்த பார்வையற்றோர் பள்ளியைப் பொறுப்பேற்றார். அவர் தாமே குழந்தைப் பருவத்தில் பார்வையை இழந்தவர். பர்மிய மொழிக்கான பிரெயில் எழுத்திற்காக உழைத்தார். ஆயினும் எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பிரம்பு முடைதல் முதலிய கைத்தொழில்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. பள்ளியை விட்டு வெளியேறும் இளைஞன் தன் கையால் உழைத்து உண்ணவேண்டும் என்பதே நோக்கம். 1931இல் மறையும்வரை அப்பிள்ளைகள் நாள்தோறும் கண்டது, கண் தெரியாத ஒருவர் ஒரு நிறுவனத்தையே நடத்திய காட்சியை. அதனினும் பெரிய பாடம் எந்த நூலில் உண்டு?

அதே நகரில் 1920இல் மேரி சாப்மன் அம்மையார் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். 1912இல் இலங்கையிலும் அத்தகைய பள்ளியைத் தொடக்கியவர் அவரே என்பதை ஈழத்து வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. யாங்கோன் பள்ளி இன்று நூற்றாண்டைக் கடந்துவிட்டது.

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் கதையோ வேறு. அவர்களை வீட்டின் பின்னறையே நெடுங்காலம் காத்தது. ஈடன் நிலையம் போன்றவை 2000ஆம் ஆண்டளவிலேதான் தோன்றின. மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 2015இல் இயற்றப்பட்டது. 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் ஆசிரியர்கள் பல்லாயிரவர் பணியை இழந்த நாட்டில், அச்சட்டம் எவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

சட்டத்தைவிட அவசரமானது ஓர் அட்டை. மியான்மரில் 10 வயதில் பெறும் அடையாள அட்டையை 18 வயதில் மாற்றியாகவேண்டும். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் எம்மவர்க்கு அட்டை பெறுவதே பெரும்பாடு. அண்ணனுக்கும் தங்கைக்கும் அலைந்து திரியும் தந்தை, நடுப்பிள்ளையின் முறை வரும்போது, "இவன் எங்கே போகப்போகின்றான், இவனுக்கு எதற்கு?" என்று இருந்துவிடுகின்றார். அன்றே அப்பிள்ளையின் முதிர்பருவம் கதவடைக்கப்பட்டுவிடுகின்றது. 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இது வெறும் தாள் விவகாரமன்று. ஊனமுற்றோருக்கு விலக்கு உண்டு என்று சட்டம் கூறுகின்றது. பார்வையின்மை கண்டவுடன் புலப்படும். அறிவு வளர்ச்சிக் குறைபாடு முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. சோதனைச் சாவடியில் நிறுத்தப்படும் 20 வயது இளைஞனிடம் அட்டையும் இல்லை, மருத்துவச் சான்றும் இல்லை, தன் பெயரையும் தெருவையும் பர்மிய மொழியில் சொல்லும் பயிற்சியும் இல்லை என்றால் என்ன நேரும்?

பர்மிய மொழியில் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வீட்டிலே தமிழ் பேசட்டும். தாயின் மொழி அவனுக்கும் உரியதே. ஆனால் பஸ்ஸின் எண் பர்மிய இலக்கத்தில் இருக்கின்றது. தேநீர்க்கடைக்காரர் மிச்சக் காசைப் பர்மிய மொழியில் எண்ணித் தருகின்றார். வீதிக்குரிய பாடத்தை வீதியின் மொழியிலேயே கற்பிக்கவேண்டும். விரைவாகக் கற்கும் பிள்ளை ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்வான். இவனால் அது இயலாது. பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில் நாமும் இதைச் சிந்தித்தோமல்லோம். எமது விரிவுரை மண்டபத்திற்கு வந்தோர் யாவரும் ஏற்கெனவே சல்லடையில் சலிக்கப்பட்டு வந்தவர்கள்.

புலம்பெயர்ந்த வீடுகளில் மட்டும் நிலைமை வேறா? இங்கிலாந்தில் விசேட தேவையுடைய மாணவரின் முதிர்பருவத்திற்கான ஆயத்தம் 13, 14 வயதிலேயே திட்டமிடப்படவேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்விக்கான உதவித் திட்டம் 25 வயதுவரை நீடிக்கக்கூடும். அக்கூட்டத்திற்குப் போகாத எம்மவர் பலர். மொழி தெரியாத தயக்கம் ஒருபுறம், ஊரார் அறிந்தால் மூத்தவளின் கலியாணம் குழம்பிவிடும் என்ற அச்சம் மறுபுறம். முதலாவதற்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். இரண்டாவதற்கு எம்மிடம் மருந்தில்லை. அந்த வெட்கத்தின் விலையைச் செலுத்துபவன் அப்பிள்ளையே என்பதை மட்டும் சொல்லிவைக்கின்றோம்.

கடைக்குப் போய் ஒரு பாண் வாங்கி மிச்சக் காசோடு திரும்பிவர அவனுக்கு ஒரு வருடம் எடுக்கலாம். முதல் மாதம் தாய் கூடவே நடக்கட்டும், அடுத்த மாதம் பத்தடி பின்னே, பின்னர் தெருமுனையில். ஒருநாள் அவன் காசைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வருவான். மறுநாளும் அவனையே அனுப்பவேண்டும்.