முதலில் நிற்கத் தெரியட்டும்!

கரோல் பாக்கில் ஒற்றை அறையில் குடியேறி, டி.டி.சி. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அலுவலகம் போய்வந்த தலைமுறை நம்முடையது. கார் என்பது நமக்கு ஓய்வு பெறும் வயதில் கிட்டிய வசதி. நம் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் அவர்கள். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே வேகம் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களில் சிலர் இப்போது வீட்டில் ஒரு புதுச் சொல்லைச் சொல்கிறார்கள்: 'டிராக் டே'.

அது என்னவென்று கேட்கும் பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஓட்டும் சாதாரணக் காரையே, கட்டணம் செலுத்தி, பந்தயத் தளத்திற்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் நாள் அது. பந்தயம் அல்ல, முதலிடம், பரிசு, கோப்பை எதுவும் கிடையாது. பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வண்டியை வெளியே கொண்டுவந்து ஆறவிட வேண்டும். முறை வந்ததும் மறுபடி போகலாம். முன்னால் போகிறவர் கை காட்டி வழிவிட்டால்தான் முந்தலாம், அதுவும் நேரான பகுதியில் மட்டும் என்பது புதியவர்களுக்கான வழக்கமான விதி.

இதைக் கேட்டதும் நம் வீடுகளில் வரும் முதல் பதில், "வேலையற்ற வேலை! பெட்ரோல் விற்கிற விலையில் இது ஒரு கேடா?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆனாலும் என் கருத்து வேறு. பிள்ளை கேட்டால் "கூடாது" என்று சொல்லாதீர்கள். "முதலில் காரைக் காட்டு" என்று சொல்லுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? வேக ஆசை என்பது அப்பா மறுத்ததால் அடங்கிவிடுகிற ஆசை அல்ல. வீட்டில் வழி அடைத்தால் அது சாலையில் வழி தேடும். நம் ஊரில் அந்தச் சாலை நொய்டாவிலிருந்து ஆக்ரா போகும் யமுனை விரைவுச் சாலையாகவோ, நள்ளிரவில் காலியாகக் கிடக்கும் ரிங் ரோடாகவோ இருக்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கும் மேல் மிகை வேகத்தினால் போனவர்கள். பொதுச் சாலையில் போட்டி போட்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, பெற்றோருக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

பந்தயத் தளத்தில் எல்லா வண்டிகளும் ஒரே திசையில் போகும். எதிரே விளக்கில்லாத டிராக்டர் வராது, குறுக்கே மாடு வராது, குழந்தை ஓடிவராது. தடம் தவறினால் ஓடி நிற்க வெற்றிடம் உண்டு. கொடி பிடித்து எச்சரிக்க ஆட்கள் இருப்பார்கள், ஆம்புலன்ஸ் காத்திருக்கும். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆபத்து ஓட்டுகிறவனோடு நின்றுவிடுகிறது. சாலையோரம் நடந்துபோகும் ஏழைத் தொழிலாளியைத் தேடிப் போவதில்லை.

தவிர, இது நமக்கு அந்நியமான விஷயமும் அல்ல. சென்னையை அடுத்த சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்க்கச் சைக்கிளில் போனவர்கள் நம் சங்கத்து மூத்த உறுப்பினர்களிலேயே இருக்கக்கூடும். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டை, பின்னர் கோவையை அடுத்த செட்டிபாளையம் எனப் பந்தயத் தளங்கள் அமைந்தது தமிழ்நாட்டில்தான். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். 2010-இல் ஓட்டிய கருண் சந்தோக் சென்னைக்காரர். நமக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் 2011-இல் திறக்கப்பட்ட புத்தா சர்வதேசப் பந்தயத் தளத்தில் அந்த ஆண்டு முதல் 2013 வரை மூன்று ஃபார்முலா ஒன் பந்தயங்கள் நடந்தன. சாதாரணக் கார்களுக்கான டிராக் நாட்களும் நடந்திருக்கின்றன. ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள அந்தத் தளத்தில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஒரு நேர்கோடு உண்டு. நம் வீட்டு ஸ்விஃப்ட்டும் ஐ-20-யும் அதன் கடைசியில் சாலையில் எட்டியிராத வேகத்தை எட்டிவிடும். பிறகு ஒரு கூர்மையான வளைவு. அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்குவதில்லை. முதல் டிராக் நாளுக்குக் காரைத் தயார் செய்யச் சொன்னால் அவர்கள் மனம் போவது அதிரும் சைலன்சருக்கும், அகலமான சக்கரத்திற்கும், எஞ்சினின் சக்தியைக் கூட்டும் கருவிகளுக்கும்தான். ஒரு லட்சம் ரூபாய் அதில் கரைந்துவிடும். நான் சொல்வது நேர்மாறானது. முதல் நாளுக்கு எஞ்சினில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். ஓடுவதற்கான சக்தி எந்தக் காரிலும் போதுமான அளவு இருக்கிறது. நிற்பதற்கான சக்தி இருக்கிறதா என்பதே கேள்வி.

கணக்கு எளிது. வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், 75-இல் வரும் அதே காரைப் போல நான்கு மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது. பிரேக் அழுத்தும்போது அவ்வளவும் டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக மாறுகிறது. தில்லிப் போக்குவரத்தில் அடிக்கடி பிரேக் போட்டாலும் வேகம் குறைவு. பந்தயத் தளத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை, ஆற நேரமில்லாமல், அந்த வெப்பம் ஏறிக்கொண்டே போகும். டிஸ்க்கின் சூடு சில நூறு டிகிரியைத் தொடும்.

இங்கேதான் பிரேக் ஆயில் முக்கியமாகிறது. அது காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 என்று முத்திரையிட்ட புது ஆயில் 230 டிகிரி வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அது சக்கரத்தைப் பிடிக்கும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். மிதி தரை வரை போகும், கார் நிற்காது. ஆகவே போவதற்கு முந்தைய வாரம் பழைய ஆயிலை முழுவதும் எடுத்துவிட்டு, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றி, நான்கு சக்கரத்திலும் காற்றெடுக்கச் சொல்லுங்கள். ஆயிலுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். இரண்டாண்டுக்கு ஒரு முறை எல்லாக் காருக்கும் செய்ய வேண்டிய வேலைதான் இது. எத்தனை பேர் செய்கிறோம்?

பிரேக் பேட் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. டிஸ்க்கில் வெடிப்போ ஆழமான கோடுகளோ இருக்கக் கூடாது.

அடுத்தது டயர். அதன் பக்கச் சுவரில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது என்று பொருள். ஐந்தாறு வருஷத்துக்கு மேலான டயர், பட்டன் நன்றாகத் தெரிந்தாலும், ரப்பர் இறுகிப்போயிருக்கும், தளத்திற்கு வேண்டாம். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சாலைக்கே ஆகாது. பக்கச் சுவரில் புடைப்போ வெட்டோ இருந்தால் அன்றைக்குப் போகவே கூடாது. காற்றைக் கம்பெனி சொன்ன அளவில், டயர் ஆறியிருக்கும்போது வைத்துக் கிளம்புங்கள். ஓடிச் சூடானதும் அளவு ஐந்தாறு பவுண்டு ஏறும். மிக ஏறியிருந்தால் அளந்து கொஞ்சம் இறக்கலாம். ஆனால் மாலையில் வீடு திரும்புமுன் பழைய அளவுக்கு நிரப்ப மறக்கக் கூடாது. சக்கர நட்டுகளை, கையேட்டில் உள்ள அளவுக்கு, அளவு காட்டும் ஸ்பேனரால் முடுக்க வேண்டும். மதியம் ஒரு முறை, ஆறிய பிறகு, மறுபடி பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஆயில், கூலன்ட், பெல்ட், எங்காவது கசிவு, பேட்டரி ஆடாமல் இறுகியிருக்கிறதா – இவற்றை எந்த மெக்கானிக்கும் அரை மணியில் பார்த்துவிடுவார். நம் ஊரில் பல வண்டிகள் சி.என்.ஜி.யில் ஓடுகின்றன, அப்படியானால் பணம் கட்டுமுன்பே, அனுமதி உண்டா என்று நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு வண்டியைக் காலி செய்ய வேண்டும். டிக்கியில் ஜாக்கி, ஸ்டெப்னி, ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டை. உள்ளே குடை, தண்ணீர் பாட்டில், தரை விரிப்பு – எல்லாம் வெளியே. உருண்டு வந்து பிரேக் மிதியின் அடியில் சிக்கும் ஒரு பாட்டில் போதும். டாஷ்போர்டுப் பிள்ளையாரையும் அன்றைக்கு வீட்டில் இறக்கி வையுங்கள். பிரேக் போட்டால் அவரும் பறப்பார். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கழற்றாமல் எடுத்துச்செல்ல வேண்டியது ஒன்றுதான்: வண்டியை இழுக்க மாட்டும் கொக்கி. ஓட்டுகிறவருக்கு முகம் முழுவதும் மூடும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய அடியுள்ள ஷூ. செருப்பு கூடாது.

ஓட்டும் முறையிலும் தயாரிப்பு உண்டு. முதல் சுற்று மெதுவாக, வண்டியைச் சூடேற்ற. கடைசிச் சுற்றும் மெதுவாக, பிரேக்கை ஆறவிட. நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான பேட் டிஸ்க்கை இறுகப் பிடித்து நிற்பது நல்லதல்ல. மிதி முன்பைவிட ஆழமாகப் போகிறது என்று தோன்றினால் அன்றைய ஓட்டம் முடிந்தது என்று வெளியே வந்துவிட வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசிகள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டவை. தளத்தில் அடிபட்டால் செலவு நம்முடையது என்ற எண்ணத்தோடுதான் போக வேண்டும். மாதத் தவணை கட்டி முடியாத ஒரே குடும்பக் கார் என்றால், இந்த ஆசை ஒரு வருஷம் காத்திருக்கட்டும் என்று சொல்வதில் தவறில்லை. அப்படிச் சொல்லப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

"தளத்தில் வேகத்தை ருசி பார்த்தவன் சாலையில் இன்னும் வேகமாகப் போவானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவரிடமும் அப்படி நேராது என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முழுப் பலத்தோடு பிரேக் அழுத்தினால் கார் என்ன செய்யும் என்பதை வாழ்நாளில் ஒரு முறைகூட அறியாதவர்களே நம்மில் அதிகம். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது மிதி காலடியில் படபடவென்று துடிக்கும். அதை அறியாதவர் பயந்து காலை எடுத்துவிடுவார். நூறு கிலோமீட்டர் வேகத்தில், கால் பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு நொடியிலேயே கார் 28 மீட்டர் போய்விடும். பிறகு நிற்க இன்னும் நாற்பது, ஐம்பது மீட்டர் வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தவனுக்கும் காலால் உணர்ந்தவனுக்கும் வித்தியாசம் உண்டு. உணர்ந்தவன் சாலையில் இடைவெளி விட்டு ஓட்ட அதுவே காரணமாகலாம்.

கடைசியாக நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். மே மாத விடுமுறையில் நம்மில் பல குடும்பங்கள் ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத் வழியாக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் காரில் ஊர் போகின்றன. பாட்டி முன் சீட்டில், குழந்தைகள் பின்னால், டிக்கி நிறையச் சாமான். பிரேக், டயர், எஞ்சின் சோதனை பற்றி மேலே சொன்னவை எல்லாம் அந்தப் பயணத்திற்கும் பொருந்தும். ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை, ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்து, சங்க வாசலில் உறுப்பினர்களின் கார்களைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாமே! வேகத்தில் ஆர்வமுள்ள நம் பையன்களும் பெண்களும் பிரேக் பேடின் தடிமனை அளக்கட்டும், டயரின் தேதியைப் படித்துப் பெரியவர்களுக்குச் சொல்லட்டும். அந்தச் சோதனையில் தேறிய காரின் சாவியை, தளத்திற்குப் போகிறேன் என்று கேட்கும் பிள்ளையிடம் தயங்காமல் கொடுக்கலாம்.