கல்வராயனா, கல்ராயனா? ஒரு எழுத்துக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருப்பது கல்வராயன் மலையா, கல்ராயன் மலையா? ரெண்டு பெயரும் புழக்கத்தில் உண்டு. எப்படி எழுதினாலும் வெள்ளிமலைக்குப் போகிற பஸ் ஒண்ணுதான். ஆனாலும் யாராவது திருத்தினால் முகம் சுருங்கிவிடும்.

2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. கிளம்பிய கேலியும் சண்டையும் கொஞ்சநஞ்சமல்ல; சில நாட்களிலேயே வாபஸ்.

காரணம் எழுத்தில் இல்லை. அப்பாவும் வாத்தியாரும் சொல்லிக் கொடுத்ததை ‘தப்பு’ என்றால், அவர்களையே சொன்னதுபோல் படுகிறது.

உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1971-ல் வெளியிட்ட ஆய்வில், க்ளே, காண்டின்ஸ்கி ஓவியங்களில் எது பிடிக்கும் என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொன்னதுமே, பிரிட்டன் பள்ளிப் பையன்கள் தங்கள் அணிக்காரனுக்கே அதிகப் பணம் ஒதுக்கினார்கள். அந்த அணிக்காரன் யாரென்றுகூட அவர்களுக்குத் தெரியாது.